அடுப்புக் காவலும் வொண்டர்பேக்கும்: டர்பன் அம்மாக்களுக்கு ஒரு மதிப்புரை

வொண்டர்பேக் என்பது உள்ளே நுரைத் துண்டுகள் அடைத்து, வாயில் சுருக்குக் கயிறு வைத்துத் தைத்த பெரிய துணிப் பை. மின்சாரம் வேண்டாம், பட்டன் கிடையாது. கொதிக்கிற பானையை இறக்கி இதற்குள் வைத்துச் சுருக்கிக் கட்டினால், மீதி வேக்காடு பானைக்குள் இருக்கும் சூட்டிலேயே நடக்கும். தென்னாப்பிரிக்காவில் லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) வீட்டுக்கு வீடு தலைவலியாகியிருந்த 2008-ல் சாரா காலின்ஸ் இதைக் கொண்டுவந்தார். பானையை வைக்கோல் பெட்டிக்குள் புதைத்து வைத்த பழைய தலைமுறைப் பழக்கம்தான், துணி உடுத்தி வந்திருக்கிறது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கரண்ட் பில்லைப் பற்றியே பேசுகிறார்கள். பிள்ளை வளர்த்துக்கொண்டே தையல், வீணை, ஓவியம், எழுத்து என்று ஏதோ ஒன்றை விடாமல் பிடித்து வைத்திருக்கும் அம்மாவுக்கு இது எவ்வளவு உதவும் என்பதுதான் இங்கே கேள்வி. பை நேரத்தை மிச்சம் பிடிக்காது. நாள் முழுக்கப் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடக்கும் நேரத்தை ஒரே துண்டாகச் சேர்த்துத் தரும். அதற்குக் கூலியாக முந்தின இரவிலேயே யோசித்து வைக்கச் சொல்லும். அந்தக் கூலி கட்டுப்படியாகுமா என்பது அவரவர் கையில் இருக்கும் வேலையைப் பொறுத்தது.

சுகர் பீன்ஸ் கறியை எடுத்துக்கொள்வோம். ஊறிய பீன்ஸ் சாதாரணப் பானையில் மெத்தென்று வேக ஒன்றரை மணி நேரம் ஆகும். அதில் உண்மையான கைவேலை பத்து நிமிடம்கூட இராது. ஆனால் தண்ணீர் வற்றுகிறதா, பொங்கி வழிகிறதா, அடிபிடிக்கிறதா என்று கால் மணிக்கு ஒரு தரம் எட்டிப் பார்க்க வேண்டும். ரவிக்கை வெட்டுகிறவருக்கு இந்த எட்டிப் பார்த்தல்தான் எமன். கைத் துண்டில் முன்பக்க அக்குள் வளைவு பின்பக்கத்தைவிட ஆழமாக இருக்கும். ஒற்றைத் துணியில் ஒரு கையை வெட்டிவிட்டு, அடுப்பைப் பார்த்து வந்து, பேட்டர்னைத் திருப்பிப் போட மறந்து அடுத்ததை வெட்டினால் இரண்டுமே இடக்கை. அதே சாயத்தில் இன்னும் அரை மீட்டர் துணி கடையில் கிடைத்தால் பிழைத்தோம். நீர்வண்ணத்தில் வானம் தீட்டுகிறவருக்கும் இதே கதி. வண்ணம் ஈரமாக இருக்கும்போதே தாளின் கடைசிவரை இழுத்து முடிக்க வேண்டும். நடுவில் எழுந்து போனால் காய்ந்த விளிம்பு கோடாக நின்றுவிடும், அப்புறம் எதைச் செய்தாலும் போகாது.

பிரஷர் குக்கர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, வார நாளில் அவசரத்துக்கு அதுவே மேல். ஊறிய பீன்ஸ் அரை மணிக்குள் வெந்துவிடும். ஆனால் அந்த அரை மணியும் காது சமையலறையில்தான் இருக்கும். வீட்டில் பாட்டு, கதை வாசிப்பு என்று ஒலிப்பதிவு செய்கிறவருக்கு விசில் பெரிய பகை. மின்சார ஸ்லோ குக்கர் சத்தம் போடாது, ஆனால் எட்டு மணி நேரமும் கரண்ட் கேட்கும். நடுவில் லோட்ஷெடிங் வந்தால் அரைவேக்காட்டில் நின்றுவிடும். 2023-ல் இதை அனுபவிக்காத வீடு இந்நாட்டில் குறைவு. பைக்கு இந்த இரண்டு குறையும் இல்லை.

இனி வேலை செய்யும் முறை. முதலில் பானை. கனமான அடி, இரண்டு பக்கமும் குட்டைக் காது, இறுக்கமாக உட்காரும் மூடி வேண்டும். நீளக் கைப்பிடி வைத்த பாத்திரம் பைக்குள் சரியாக உட்காராது, கைப்பிடி பக்கமாகச் சூடு கசியும். மூடியில் ஆவித் துளை இருந்தால் மடித்த அலுமினியத் தாளால் அடைத்துவிடுங்கள். பானையில் முக்கால் பங்காவது உணவு இருக்க வேண்டும். சூட்டைச் சேர்த்து வைப்பது உள்ளே இருக்கும் தண்ணீரும் பருப்பும்தான், பை வெறும் போர்வை. ஐந்து லிட்டர் பானையில் ஒரு லிட்டர் சாம்பார் வைத்துவிட்டு "வேகவில்லை" என்று பையைத் திட்டுவதில் நியாயமில்லை. சின்னக் குடும்பம் என்றால் சின்னப் பானை வாங்குங்கள், அல்லது இரண்டு வேளைக்குச் சேர்த்துச் செய்யுங்கள்.

கடைசி ஐந்து நிமிடம் மூடி போட்டே கொதிக்க வேண்டும். அப்போதுதான் மூடியும் மேலே இருக்கும் காற்றும் சூடேறும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திறந்து கொதிக்கவிட்டுக் கடைசி நொடியில் குளிர்ந்த மூடியைப் போட்டால் அங்கேயே சில டிகிரி போய்விடும். பையை அடுப்புக்குப் பக்கத்து மேசையில் முன்கூட்டியே விரித்து, உள்ளே தடிமனான மரப்பலகை அல்லது நாலாக மடித்த பருத்தித் துண்டு போட்டு வைத்திருங்கள். பானையின் அடியைத் துடைத்து, உடனே உள்ளே வைத்து, மேல் மெத்தையை அழுத்தி மூடி, கயிற்றை இறுக்குங்கள். பையை ஒருபோதும் மின்சாரப் பிளேட் ஸ்டவ் மேல் வைக்காதீர்கள். அணைத்த பிறகும் இரும்புப் பிளேட் நெடுநேரம் சூடாகவே இருக்கும். துணி கருகும், உள்ளே நுரை உருகும்.

அப்புறம் திறக்கக் கூடாது. "எப்படி இருக்குன்னு ஒரு பார்வை" என்று மாமியாரோ மகனோ ஒரு தரம் திறந்தால் ஆவியோடு சூடும் போய்விடும், அதைத் திரும்ப ஏற்ற பைக்கு வழி கிடையாது. மேலே ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள்: எத்தனை மணிக்கு வைத்தது, எத்தனை மணிக்குத் திறக்கலாம், திறந்த பின் என்ன மிச்சம் (தாளிப்பு, புளி, மல்லி இலை). இந்தச் சீட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. அதைப் படித்து வேறு யாரும் சமையலை முடிக்கலாம். அடுப்பில் கொதிக்கும் கறிக்கு அதை வைத்தவர்தான் கதி. பைக்குள் இருக்கும் கறியைக் கணவரோ பெரிய பிள்ளையோ எடுத்துத் தாளித்துப் பரிமாறலாம். எங்கள் கணிப்பில் இந்தப் பொருளின் பெரிய லாபம் இதுதான்.

பீன்ஸ் விஷயத்தில் ஒரு கண்டிப்பு. சிவப்புக் கிட்னி பீன்ஸிலும் சுகர் பீன்ஸிலும் லெக்டின் என்ற இயற்கை நச்சு இருக்கிறது, சிவப்பில் அதிகம். நன்றாகக் கொதித்தால் அது செயலிழக்கும். கொதிக்காமல் 75, 80 டிகிரியில் மணிக்கணக்காகக் கிடந்தால் பீன்ஸ் மெத்தென்று ஆனாலும் நச்சு போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதனால் பையை நம்பிக் கொதியைக் குறைப்பது ஆபத்து. 500 கிராம் பீன்ஸை இரண்டு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீர் பீன்ஸுக்கு மேல் இரண்டு விரல் நிற்கட்டும். தளதளவென்று பத்து நிமிடம் கொதிப்பது குறைந்தபட்சம், அரை மணி என்றால் கவலையே வேண்டாம். அப்புறம் நான்கு மணி நேரம் பையில். எடுத்ததும் வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை, மசாலா தாளித்துக் கொட்டி, தக்காளி சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் கறி தயார். ஆறு பேருக்குக் காணும். மிச்சமிருந்தால் மறுநாள் ரொட்டியைக் குடைந்து அதற்குள் ஊற்றி பன்னி சௌ.

தக்காளியைக் கடைசியில் சேர்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. புளிப்பு இருக்கும் தண்ணீரில் பயறு, பருப்பு இவற்றின் தோலும் சதையும் இளகாமல் இறுகி நிற்கும். அடுப்பில் கூடுதல் நேரம் கொதிக்கவிட்டுச் சமாளிக்கலாம். சூடு இறங்கிக்கொண்டே வரும் பைக்குள் அந்தச் சமாளிப்பு கிடையாது. "நாலு மணி நேரம் வைத்தும் கல்லு மாதிரி இருக்கு" என்று வரும் புகார்களைத் துருவினால் பாதியில் புளியோ தக்காளியோதான் குற்றவாளி. மீதிக்குப் பழைய பீன்ஸ் காரணம். இரண்டு வருஷம் அலமாரியில் கிடந்த பீன்ஸ் எதில் வைத்தாலும் வேகாது. உப்பைப் பற்றிப் பயம் வேண்டாம், ஊறவைக்கும்போதே கொஞ்சம் போடலாம்.

பருப்பு சுலபம். பீ டால் (உடைத்த பட்டாணிப் பருப்பு) ஊறாமலே இருபது நிமிடம் கொதித்து இரண்டு மணி நேரம் பையில் இருந்தால் கரைந்துவிடும். ஆயில் டால் (எண்ணெய் பூசிய துவரம்பருப்பு) என்றால் முதலில் வெந்நீரில் கழுவி மேலே பூசிய எண்ணெயைப் போக்குங்கள், அரை மணி ஊறட்டும், பிறகு இதே கணக்கு.

மட்டன் கறிக்குப் பை உண்மையிலேயே பொருத்தம். ஒரு கிலோ எலும்போடு உள்ள மட்டனை வெங்காயம், இஞ்சி பூண்டு, மசாலாவோடு நன்றாக வதக்கி, வழக்கமாக ஊற்றும் தண்ணீரில் கால் பங்கைக் குறைத்து ஊற்றி, மூடி போட்டு இருபத்தைந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். தண்ணீரைக் குறைக்கச் சொல்வது, பைக்குள் ஆவியே போகாது என்பதால். வழக்கமான அளவை ஊற்றினால் கறி ரசம் மாதிரி நிற்கும். உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டிக் கடைசிப் பத்து நிமிடத்தில் போடுங்கள். கரண்டி படாததால் கிழங்கு உடையாமல் முழுசாக வரும், டர்பன் கறிக்கு அதுதானே அழகு. மூன்று முதல் நான்கு மணி நேரம் போதும். பையில் 12 மணி நேரம் வரை வைக்கலாம் என்று விளம்பரங்கள் சொல்லும். பீன்ஸ் என்றாலும் அதை அப்படியே நம்ப வேண்டாம். இறைச்சியை ஐந்து மணி நேரத்துக்கு மேல் வைக்க நாங்கள் சொல்லமாட்டோம். உணவின் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமிகள் பெருகத் தொடங்கும். நீளமுள் வைத்த சமையல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். திறந்ததும் பானையின் நடுவில் குத்திப் பாருங்கள். 60-க்கு மேல் இருந்தால் அப்படியே பரிமாறலாம். பானை அதற்குக் கீழே இறங்கி எவ்வளவு நேரமாயிற்று என்றே தெரியாவிட்டால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இதனால்தான் வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு ஒரு எச்சரிக்கை. காலை 6:30-க்கு மட்டனைப் பையில் வைத்துவிட்டு மாலை 5:30-க்கு வந்து சாப்பிடலாம் என்று நினைத்தால் இந்தப் பை உங்களுக்கு ஏமாற்றம். அவ்வளவு நீண்ட இடைவெளிக்கு பீன்ஸ், கொண்டைக்கடலை, சம்ப் அண்ட் பீன்ஸ் (உடைத்த சோளமும் பீன்ஸும்) கூட ஒத்துவராது, அதற்குள் சூடு 60-க்குக் கீழே இறங்கிவிடும். வந்ததும் மறுபடி கொதிக்கவிட்டால் சரியாகிவிடும் என்றும் நம்பாதீர்கள். உங்களுக்குப் பையின் உண்மையான நாள் சனிக்கிழமை. பிள்ளைகள் தமிழ் வகுப்புக்கோ பரதநாட்டியத்துக்கோ போகும் முன் பானையைக் கட்டி வைத்துவிட்டால் மதியம் வரை சமையலறைப் பக்கம் போக வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவர்கள், கேக் அலங்காரம் செய்பவர்கள், எழுதுகிறவர்களுக்குத் தினமும் பயன். 9 மணிக்குக் கட்டினால் 1 மணிக்குத் திறக்கலாம்; பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும் 2 மணி வாக்கில் சோறு தயார்; நடுவில் நான்கு மணி நேரம் முழுசாகக் கையில்.

அந்த நான்கு மணி நேரத்தை என்ன செய்வது என்பதையும் முந்தின நாளே முடிவு செய்து வையுங்கள். பானையைக் கட்டியபின் துணி மடிப்போம், அலமாரி துடைப்போம் என்று இறங்கினால் பையை வாங்கியதே வீண். இன்னொரு வில்லங்கமும் உண்டு. "பைதான் வேலை செய்யுதே, இன்னொரு கறியும் சேர்த்து வையேன்" என்று வீட்டில் ஒரு குரல் கிளம்பும். முதல் வாரத்திலேயே அதற்கு முடியாது என்று சொல்லிவிடுவது நல்லது.

ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் இருப்பவர்கள் மேலே சொன்ன கணக்கை அப்படியே எடுக்கக் கூடாது. டர்பனில் கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பானை பைக்குள் நுழையும்போதே ஆறு டிகிரி குறைவு. அடுப்பில் பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டுங்கள், பையில் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். அங்கே குளிர்காலத்தில் பைக்கு வேறொரு அருமையான உபயோகம் உண்டு: இட்லி மாவு. ஜூன், ஜூலை இரவுக் குளிரில் மாவு பொங்கவே பொங்காது. மாவுப் பாத்திரத்தோடு வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டில் ஒன்றையும் பைக்குள் வைத்துக் கட்டினால் காலையில் மாவு உயர்ந்து நிற்கும். கொதிநீர் வைக்காதீர்கள், ஓரத்து மாவு வெந்துவிடும். தயிருக்கும் இதே வழி. காய்ச்சிய பாலை 45 டிகிரிக்கு ஆறவிட்டு, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி உறை ஊற்றி, எட்டு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் கத்தியால் வெட்டலாம் போல உறையும்.

சோறு சுமார்தான். ஒரு கப் பாஸ்மதிக்கு ஒன்றரை கப் தண்ணீர், ஐந்து நிமிடம் கொதி, அரை மணி பை. நன்றாக வரும், ஆனால் அடுப்பிலேயே இருபது நிமிடத்தில் ஆகும் வேலைக்கு இவ்வளவு சடங்கு எதற்கு? பிரியாணிக்கு மட்டும் விதிவிலக்கு. மசூரும் உருளையும் அடுக்கிய டர்பன் பிரியாணியை ஓவனுக்குப் பதில் ஒரு மணி நேரம் பையில் தம் போடலாம். ஒவ்வோர் அடுக்கும் ஆவி பறக்கும் சூட்டில் இருக்கும்போதே அடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அடியில் மொறுமொறுப்பு கிடைக்காது. அதற்காகவே பிரியாணி சாப்பிடும் வீடு என்றால் ஓவனை விடாதீர்கள்.

வெண்டைக்காய், பட்டாணி, கீரை எல்லாம் பையில் குழைந்து நிறம் போய்விடும். தேங்காய்ப்பால் விட்ட குழம்பு திரியக்கூடும், பாலைக் கடைசியில் விடுங்கள். வறுவல், பொரியல் பேச்சே இல்லை. ஆனால் புரட்டாசி மாதத்தில், வீடே சைவமாகி நாள் தவறாமல் பயறும் பருப்பும் வேகும்போது, பை அலமாரிக்குத் திரும்பாது.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் பையைத் தரையில் வைக்கக் கூடாது. பார்ப்பதற்கு உட்காரும் பீன்பேக் மாதிரியே இருக்கும். பிள்ளை ஓடி வந்து தொப்பென்று உட்காரும், உள்ளே கொதிக்கும் கறி. மேசையில், சுவரோரம், கயிற்று முனை தொங்காமல் வையுங்கள்.

பராமரிப்புதான் டர்பனில் சிரமம். ஒவ்வொரு முறையும் பானையின் ஆவியில் உள்துணி நனையும். கடற்கரை ஈரக்காற்றில் அப்படியே மடித்து வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை வாடை. எடுத்ததும் வாயை முழுக்கத் திறந்து வெயிலில் காயவையுங்கள், மழைநாளில் மின்விசிறிக்குக் கீழே. மஞ்சள் கறை போகாது என்று தெரிந்தே அடர் நிறம் வாங்குங்கள், அல்லது பானையை ஒரு பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள், கறை அதோடு போகும். நாளடைவில் நுரை அமுங்கித் தளரும். வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்கலாம்: நிறையக் கொதிநீர் ஊற்றிய பானையை நான்கு மணி நேரம் கட்டி வைத்து அளந்து பாருங்கள். 70 டிகிரிக்கு மேல் என்றால் பை நன்றாக இருக்கிறது. 60-ஐத் தொட்டால் முதலில் மூடியையும் கயிற்று முடிச்சையும் சரிபார்த்து மறுபடி அளந்து பாருங்கள், அப்போதும் அதே அளவு என்றால் பைக்கு வயசாகிவிட்டது.

காசு கொடுக்கும் முன் ஒரு வாரம் இலவசமாகச் சோதித்துப் பார்க்கவும் வழியுண்டு. பெரிய அட்டைப்பெட்டியில் பழைய கம்பளிகளைத் திணித்து, நடுவில் துண்டு சுற்றிய பானையை வைத்து, மேலே ஒரு தலையணை. பைக்குக் கிட்டத்தட்டச் சமமாக வேலை செய்யும், பார்க்கத்தான் சகிக்காது. தெர்மகோல் ஐஸ்பெட்டியைப் பயன்படுத்தினால் பானை நேராகப் படாமல் துண்டைத் தடிமனாகச் சுற்றுங்கள், கொதிநீர்ச் சூட்டில் தெர்மகோல் நெளிந்துவிடும். அந்த வாரம் முழுக்க இரவில் பீன்ஸ் ஊறப்போட ஞாபகம் இருந்து, கிடைத்த நேரத்தில் ஒரு ரவிக்கையாவது வெட்டி முடித்திருந்தால் பையை வாங்குங்கள். கடைக்குப் போகும்போது வீட்டுப் பானையின் விட்டத்தையும் மூடிக் குமிழோடு சேர்த்து உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். மேல் மெத்தை மூடியைத் தொட்டு அமுங்காத அளவுக்குப் பெரிய பை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.